பி.வி.சி. குழாயில் ஒரு லைட்சேபர் கைப்பிடி

எங்கள் வீட்டு மாடி அறையைச் சினிமா அறையாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். புரொஜெக்டர் வந்துவிட்டது, தரையில் மெத்தை போட்டாயிற்று, ஓரமாக கேரம் போர்டும் இருக்கிறது. சுவர் மட்டும் வெறுமையாக இருந்தது. "மாமா, அங்கே லைட்சேபர் மாட்டலாம்" என்றான் அக்கா மகன். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் ஒளிவாள்தான் அது. கடையில் வாங்கித் தந்திருக்கலாம். ஆனால் அந்தப் பொருள் பிறந்த கதை தெரிந்தவர்களுக்கு வாங்க மனம் வராது.

'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் 1977-ல் வந்தது. அதன் அரங்கப் பொருள்களைச் சேர்த்தவர் ரோஜர் கிறிஸ்டியன். லண்டனில் புகைப்படக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடிகள் பெட்டியோடு கிடந்தன. பாட்டரி போடும் உலோகக் குழாய்தான் அது. அதன் அடிப்பகுதியில் கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டினார். கால்குலேட்டர் திரைமேல் இருக்கும் குமிழ்ப் பட்டையை வளையத்தில் செருகினார். அவ்வளவுதான், லைட்சேபர் தயார். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்குக் கிடைத்த ஆஸ்கரில் அவருக்கும் பங்கு உண்டு. படத்தில் வந்ததே கிடைத்ததை வைத்து ஒட்டியதுதான் என்பதால், நாமும் ஹார்டுவேர் கடையிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.

வாங்க வேண்டியவை

40 எம்.எம். பி.வி.சி. குழாய் ஒரு அடி, அதே அளவில் ஒரு கப்ளர் (இரண்டு குழாய்களை இணைக்கும் துண்டு), ஒரு எண்ட் கேப் (முனையை மூடும் மூடி). ஏ.சி. டக்ட் வேலைக்குப் பயன்படும் அலுமினியம் டேப் ஒரு உருளை, 48 எம்.எம். அகலம். அலுமினிய ஜன்னல் போடும் கடையில் மீட்டர் கணக்கில் தரும் கறுப்பு ரப்பர் பீடிங் (பட்டை) ஒரு மீட்டர். அடிப்பக்கம் தட்டையாக, ஒரு செ.மீ.க்குள் அகலம் இருக்கட்டும். ரப்பர் ஒட்டும் ஃபெவிபாண்ட். பழைய ஸ்கூல் பையிலிருந்து ஒரு டி வளையம். சட்டைப் பொத்தான் அளவில் சிவப்பாக ஏதாவது ஒன்று. கம்ப்யூட்டரின் செத்துப்போன ரேம் (மெமரி அட்டை) கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், வேலை இருக்கிறது.

குழாயை 28 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, ஓரத்தை அரம் போட்டு, மேல்பரப்பை 220 உப்புத்தாளால் தேயுங்கள். குழாய்மேல் அச்சடித்த எழுத்து போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். டேப் மூடிவிடும்.

நேர்கோடு போடுவது

கைப்பிடியில் 6 ரப்பர் பட்டைகள் சம இடைவெளியில் வரவேண்டும். உருண்டையான குழாயில் கண்ணளவில் கோடு போட்டேன். மூன்றாவது பட்டை ஒட்டும்போதே அது கோயில் கொடிமரத்தில் சுற்றிய கயிறு மாதிரி சாய்ந்து நின்றது. எல்லாவற்றையும் பிய்த்தெடுத்தேன்.

சரியான வழி இது. ஒரு தாளைக் குழாயைச் சுற்றி, முனை வந்து சேரும் இடத்தில் வெட்டுங்கள். அந்தத் தாளை ஆறாக மடித்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஏறக்குறைய 21 எம்.எம். வரும். தாளை மறுபடி குழாயில் சுற்றி, மடிப்பு விழும் இடங்களில் புள்ளி வையுங்கள். பிறகு குழாயை எல் வடிவ இரும்பு ஆங்கிளின் உள்மூலையில் கிடத்தி, ஆங்கிளின் விளிம்பை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் கோடு நூல் பிடித்த மாதிரி வரும். ஆங்கிள் இல்லாதவர்கள் அலமாரிச் சட்டத்தின் மூலையில் வைத்து இழுக்கலாம். கோடுகளைக் குழாயின் அடிமுனை வரைக்கும் இழுத்துவிடுங்கள்.

வெள்ளி நிறம்: இங்கேதான் நான் மாட்டினேன்

மூன்று குழாய்களை வீணாக்கியபிறகு சொல்கிறேன், குரோம் ஸ்ப்ரே வேண்டாம். முதல் குழாயில் பிரைமர் அடிக்காததால் நகம் பட்ட இடமெல்லாம் உரிந்தது. இரண்டாவதற்குப் பிரைமர், பளபளக்கும் கறுப்பு, அதன்மேல் குரோம் என்று முறையாகவே அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. கைரேகை படக்கூடாதே என்று மேலே வார்னிஷ் அடித்தேன், அடுத்த நிமிடமே பாத்திரம் தேய்த்த சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. மூன்றாவதை மழைக்காலத்தில் மொட்டைமாடியில் வைத்து அடித்தேன். காற்றில் இருந்த ஈரம் பெயின்ட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே கேனைத் தொடவே கூடாது.

அப்போதுதான் ஏ.சி. மெக்கானிக் விட்டுப்போன டேப் கண்ணில் பட்டது. அது நிஜமான அலுமினியம். உலோகமாகத் தெரிய வேண்டியதற்கு உலோகத்தையே ஒட்டுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குழாயின் அடிமுனையிலிருந்து 12 செ.மீ. வரைக்கும் டேப்பை நீளவாக்கில் ஒட்டுங்கள். குழாயின் சுற்றளவு 126 எம்.எம்., டேப் 48 எம்.எம்.; 3 துண்டு போட்டால் ஒன்றன்மேல் ஒன்று 6 எம்.எம். ஏறும். முதல் துண்டின் ஓரம் ஏதாவது ஒரு பென்சில் கோட்டில் நிற்கட்டும். அடுத்தடுத்த துண்டுகளை ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் தொடங்கினால், மூன்று இணைப்புகளும் பிறகு ஒட்டும் ரப்பருக்கு அடியில் மறைந்துவிடும். மேல்பகுதிக்கு டேப்பைச் சுற்றுவாக்கில் வளையம் வளையமாக ஒட்டுங்கள். அங்கே தெரியும் இணைப்புக் கோடு, லேத்தில் கடைந்த பொருளின் பொருத்து மாதிரியே இருக்கும்.

பின்தாளை ஒரேயடியாக உரிக்காமல், ஒரு விரல் உரித்து ஒட்டி, மறுபடி ஒரு விரல் உரியுங்கள். ஸ்பூனின் பின்பக்கத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போனால் சுருக்கம் விழாது. எல்லாம் ஒட்டியபின் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரால் நீளவாக்கில் மட்டும் பத்து இழுப்பு. மினுமினுப்பு அடங்கி, பழைய கேமரா உலோகத்தின் மங்கல் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் இதுதான். டேப் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், சிறுவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

மற்றவை

கப்ளரை அதன் உள்ளே இருக்கும் நடுத்திட்டோடு அறுத்துப் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் 8 எம்.எம். பிளவு போட்டால் கிளிப் மாதிரி விரிந்து ஏறும்; டேப்பைச் சுரண்டாது. அதற்கும் அலுமினியம் ஒட்டி, பட்டைகள் முடியும் இடத்துக்குச் சற்று மேலே பொருத்துங்கள். அந்தப் பிளவில்தான் ரேமின் தங்கநிறப் பல் துண்டு உட்காரும். 1980-ல் வந்த அடுத்த படத்தில் குமிழ்ப் பட்டைக்குப் பதில் சர்க்யூட் போர்டு துண்டுதான் அங்கே இருக்கும். முதல் படத்து வடிவம்தான் வேண்டும் என்றால், ஆரி வேலைக்கு விற்கும் அரை முத்துகளில் நிறமில்லாததை வாங்கி வரிசையாக ஒட்டலாம். கிளிப்புக்கு மேலே சிவப்புப் பொத்தான்.

ரப்பரை 11 செ.மீ. துண்டுகளாக 6 வெட்டி, அவை உட்காரும் இடத்தை உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டு ஒட்டுங்கள்.

குழாய் காலியாக இருந்தால் கையில் எடுத்ததும் பொம்மை என்று தெரிந்துவிடும். மணலை வாணலியில் வறுத்து ஆறவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பாதிக் குழாய்க்கு அடைத்தேன். கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. மேலே பழைய துணியைத் திணித்தால் உள்ளே உருளும் சத்தம் வராது. எண்ட் கேப்பில் டி வளையத்தைப் பொருத்தி அடியில் மூடிவிடுங்கள்.

பின்சேர்க்கை

40 எம்.எம். குழாய் கிடைக்காமல் ஒன்றேகால் அங்குலக் குழாய் வாங்கியதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அதன் வெளிவிட்டம் 42 எம்.எம்., அதனால் இடைவெளியை 22 எம்.எம். ஆக்கிக்கொள்ளுங்கள். டேப் இணைப்பு அப்போதும் மறையும்.

ரப்பர் பட்டை ஒரு வாரத்தில் கழன்றது என்று ஒருவர் சொன்னார். பசையை ஒரு பக்கம் மட்டும் தடவி உடனே அழுத்தியிருக்கிறார். ரப்பரிலும் குழாயிலும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்தபிறகு சேர்த்து அழுத்துங்கள். எங்கள் மாடி அறைக்கு மேலே மொட்டைமாடி வெயில்தான். இப்படி ஒட்டியது சித்திரை முழுக்க அசையாமல் நின்றது.