சிசர்ஸ் கிராசிங் முதல் பேரல் ஸ்பிரிங் வரை: 24 மைலுக்குத் தண்ணீர் சுமக்கும் விதம்

மெக்சிகோ எல்லை வேலியருகே தொடங்கிக் கனடா வரை 2,650 மைல் ஓடுகிறது பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நடைபாதை. தெற்குக் கலிபோர்னியாவில் உள்ள அதன் முதல் 700 மைலைப் பாலைவனம் என்றே நடப்பவர்கள் சொல்கிறார்கள். அதில் நான் மிகவும் அஞ்சியதும் மிகவும் நேசிப்பதும் ஒரே துண்டைத்தான்: 77-வது மைலில் இரு நெடுஞ்சாலைகள் கத்தரிக்கோல் போலக் குறுக்கிடும் சிசர்ஸ் கிராசிங்கிலிருந்து, 101-வது மைலில் உள்ள பேரல் ஸ்பிரிங் ஊற்று வரை. நடுவே ஓடை கிடையாது. ஊற்றும் கிடையாது. பாதை சான் ஃபெலிப்பே குன்றுகளின் மடிப்புகளுக்குள் புகுவதும் வெளியே வருவதுமாக நீள்கிறது.

இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன், இரண்டும் ஏப்ரல் கடைசியில். முதல் முறை 83-வது மைலிலேயே திரும்பிவிட்டேன். ஆறு லிட்டர் தண்ணீரை மூன்று லிட்டர் பைகள் இரண்டில் ஊற்றி எடுத்துப்போயிருந்தேன். இளைப்பாற முதுகுப்பையைத் தரையில் வைத்தபோது கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்கவில்லை. கள்ளி முள் ஒன்று பையைத் துளைத்திருக்கிறது. முதுகு நனைந்ததை வியர்வை என்று நினைத்தே ஒரு மணி நேரம் நடந்தேன். பாதித் தண்ணீர் போய்விட்டது. பின்னால் ஆறு மைல், முன்னால் பதினெட்டு மைல். திரும்புவது மட்டுமே சரியான முடிவு. இன்றும் அதை அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, தண்ணீரைப் பிரித்து வைப்பது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் ஏழு. ஒன்று உடைந்தாலும் ஆறு மிஞ்சும். நாலு மைலுக்கு ஒரு லிட்டர் என்பது என் கணக்கு. 24 மைலுக்கு ஆறு, இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்று. தண்ணீர் மட்டுமே ஏழு கிலோ என்பதால் மற்ற எதையாவது குறைத்தாக வேண்டும். நான் அடுப்பையும் எரிவாயுவையும் விட்டுவிடுகிறேன். பாட்டில்களை முதுகெலும்பை ஒட்டி, பையின் நடுவில் நிற்கும்படி அடுக்குங்கள். பக்கங்களில் தொங்கவிட்டால் இடுப்பு வலிக்கும்.

91-வது மைலையொட்டி 'மூன்றாம் கேட்' என்ற இடத்தில், பாதையிலிருந்து சற்றுக் கீழே, தன்னார்வலர்கள் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கி வைப்பதுண்டு. அதை நம்பிக் குறைவாகச் சுமக்காதீர்கள். அன்று அது காலியாக இருக்கலாம். தண்ணீர் இருந்தாலும், அது உங்களுக்குப் பின்னால் தடுமாறி வரப்போகும் ஒருவருக்கு உரியது. உண்மையிலேயே தேவைப்பட்டால் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், நன்றியோடு எடுங்கள். அத்தனை தண்ணீரையும் யாரோ முதுகிலும் வண்டியிலும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

முந்தைய நாள் ஜூலியன் என்ற மலையூரில் பாட்டில்களை நிரப்பிக்கொள்ளலாம். ஆப்பிள் வைத்துச் சுடும் 'பை' என்ற பலகாரத்துக்குப் பெயர்போன ஊர்; ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டே இறங்குங்கள். முன்னே போனவர்கள் இந்தப் பாதைக்கான கைபேசிச் செயலியில் எழுதிவைத்திருக்கும் தண்ணீர்க் குறிப்புகளையும் அங்கேயே படித்துவிடுங்கள். மாலையில் சிசர்ஸ் கிராசிங்குக்கு வந்து அருகில் தூங்கினால், காலை நாலரைக்கு நெற்றி விளக்குடன் கிளம்ப முடியும். கிளம்புமுன் முக்கால் லிட்டர் குடியுங்கள். அந்தத் தண்ணீரை முதுகில் சுமக்க வேண்டியதில்லை.

முதல் ஏற்றத்தை இருட்டிலேயே முடித்துவிட வேண்டும். வெளிச்சம் வரும்போது ஒகோட்டியோ என்ற பாலைவனப் புதரின் சாட்டைக் கிளைகளில் சிவப்புப் பூக்கள் தெரியும். நம் ஊரில் ரயில் பாதையோரம் வளரும் ஆனைக்கற்றாழையின் இனமொன்று ஆளுயரத்தையும் தாண்டிப் பூந்தண்டு விட்டு நிற்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் மறுபடியும் போனேன்.

பத்தரை மணிக்குள் பத்து மைல். அதற்குமேல் நாலு மணி வரை நடக்க வேண்டாம். பாறையின் வடக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிழல் கிடைக்கும். உட்காருமுன் கைத்தடியால் இடுக்குகளைத் தட்டிப் பாருங்கள், அதே நிழல் பாம்புக்கும் வேண்டும். நிழலே இல்லாவிட்டால் வெள்ளி நிறக் குடை. அதை வெறும் பாரம் என்று சொல்பவர்கள் அந்த வெயிலில் நண்பகலைக் கழித்திருக்க மாட்டார்கள்.

ஓய்வில் செய்ய வேண்டிய முதல் காரியம், காலணியையும் காலுறையையும் கழற்றி மணலை உதறுவது. தோல் சூடாக உரசும் இடத்தில், கொப்புளம் எழும் முன்பே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். வெயிலில் பாதம் வீங்கும் என்பதால் காலணி அரை அளவு பெரிதாக, காற்றுப் புகும் வலைத்துணியில் இருக்கட்டும். தண்ணீர் புகாத பூட்ஸ் இங்கே வியர்வையையும் வெளியே விடாது.

மதியத்துக்கு அவல். கிளம்பும்போதே டப்பாவில் அவல், உப்பு, எலுமிச்சைப் பொடி, வறுத்த வேர்க்கடலை எல்லாம் கலந்திருக்கும்; தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் மூடி வைத்தால் போதும். கூடவே, இந்தியக் கடையில் வாங்கிய உப்பு நாரத்தங்காய். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடியுங்கள். உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். வெயில் தாக்கினாலும் இதே அறிகுறிகள்தான். பேச்சுக் குழறினாலோ நடை தடுமாறினாலோ தயங்காதீர்கள். செயற்கைக்கோள் கருவியில் உதவி கேட்கும் பொத்தானை அழுத்துங்கள். தொலைபேசிச் சிக்னலை அங்கே நம்ப முடியாது.

சீப்பு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். சோய்யா கள்ளியின் கணுக்கள் பாதையோரம் உதிர்ந்து கிடக்கும், லேசாகப் பட்டாலே காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். தோலுக்கும் கணுவுக்கும் நடுவே சீப்பை நுழைத்துச் சுண்டிவிடுங்கள், உங்களைவிட்டு வெளிப்பக்கமாக.

மாலை நடையில் காதில் பாட்டு வேண்டாம். கிலுகிலுப்பைப் பாம்பு சூடான பாதையில் படுத்திருக்கும். சத்தம் கேட்டால் நின்று, அது எங்கே இருக்கிறது என்று கண்டபின் பின்வாங்குங்கள். அது போகும் வரை காத்திருங்கள். கடித்துவிட்டால் கீறுவதோ, உறிஞ்சுவதோ, கயிறு கட்டுவதோ கூடாது. அசையாமல் இருந்து உதவியை அழையுங்கள்.

இரண்டாம் முறை நான் மூன்றாம் கேட்டைத் தாண்டி 95-வது மைலில் படுத்தேன். மழைநீர் ஓடிய வறண்ட தடத்தில் கூடாரம் போடாமல், மேட்டில் போட்டேன். இரவுக் காற்று முளைகளைப் பிடுங்கும் என்பதால் ஒவ்வொன்றின் மேலும் கல் வைத்தேன். பகலில் அப்படிக் காய்ந்த இடத்தில் இரவு கம்பளி உடுப்பு தேவைப்பட்டது. காலையில் காலணியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்த பிறகே காலை நுழைத்தேன், தேளுக்காக.

எட்டு மணிக்குப் பேரல் ஸ்பிரிங்கின் ஓக் மர நிழல். தொட்டித் தண்ணீரை வடிகட்டி நிரப்புமுன் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தேன். ஆறு காலி, ஏழாவதில் அரை லிட்டர்.