சாட்சி சொல்ல எழுந்தால் ‘அதனால்’ வேண்டாம்

போன டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி நேரம், அதாவது கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவரும் எழுந்து சபை முன்னால் சொல்கிற நேரம். நரிமேட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் மைக்கை ஜனங்களிடம் கொடுத்துவிடுவார்கள். புதிதாக வேலை கிடைத்த ஒரு தம்பி எழுந்தான். கையில் நாலாக மடித்த தாள். நன்றாகத்தான் ஆரம்பித்தான். நடுவில், “நாங்க குடும்பமா இருபத்தோரு நாள் உபவாசம் இருந்தோம், சந்தேகப்படாம ஜெபிச்சோம், அதனால கர்த்தர் கொடுத்தார்” என்றான். சபையே அல்லேலூயா என்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வாக்கியத்தை இதே சபையில் நின்று நானும் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தைப் பல வருடமாக நடத்துகிறேன். ஜெபத்தில் தூங்குவது, காணிக்கைக் கவரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது எல்லாம் ஊருக்கே தெரிந்த தவறுகள். அவற்றை விட்டுவிடலாம். நன்றி சொல்லும்போது நமக்கே தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வாய்க்கு வந்தபடி பொருத்தனை

ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கிறவர்களுக்குக் கணக்கு வழக்கு இருக்காது. “பிழைக்க வச்சா ரெண்டு வளையலையும் தந்துடறேன்” என்று நானும் ஒரு தடவை சொன்னேன். அப்புறம் எட்டு மாதம் இழுத்தடித்தேன். “கர்த்தர்கிட்டயே தவணை கேக்குறியா?” என்று வீட்டுக்காரர் கேட்ட பிறகுதான் கொடுத்தேன். நேர்ந்துகொண்டு செய்யாமல் இருப்பதைவிட நேர்ந்துகொள்ளாமலே இருப்பது நல்லது என்று வேதாகமத்தில் பிரசங்கி புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம் பச்சையாகவே சொல்கிறது.

என் பாட்டி திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். அறுப்பின் பண்டிகைக்கு வருடம் தவறாமல் முதல் பூசணிக்காயைக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வைப்பார். பொருத்தனை, நிபந்தனை ஒன்றும் கிடையாது. ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது அதே காயைத் தானே கூவி எடுத்துக்கொண்டு வருவார். மறுநாள் கூட்டுக்கு வேறு காய் வேண்டுமே!

பயந்து நன்றி சொல்வது

“சாட்சி சொல்லலேன்னா திரும்ப வாங்கிக்குவாராம்” என்று ஒரு பேச்சு உலவுகிறது. யார் கிளப்பிவிட்டதோ. லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். அவர்களுக்கு வியாதி திரும்ப வந்தது என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

எழுதி வைக்காதது

ஒரு நோட்டு போதும். ஜெபத்தில் கேட்டதும் தேதியும் ஒரு பக்கம், நடந்தது எதிர்ப்பக்கம். காலியாகக் கிடக்கிற வரிகளை அடிக்காமல் விடுங்கள்.

‘அதனால்’

2012, டெங்கு தமிழ்நாட்டை ஆட்டிவைத்த வருடம். என் சின்னவனுக்கு அப்போது ஒன்பது வயது. குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய ரத்தத் தட்டணுக்கள் 18,000 என்று சீட்டில் எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் எங்கள் சபையைச் சேர்ந்த இன்னொரு பெண்ணின் மகள். அவளும் நானும் ஒரே ஃபிளாஸ்க் காபியைப் பங்கு போட்டுக் குடித்தோம், ஒரே கோரைப்பாயில் முட்டி போட்டு ஜெபித்தோம். ஆறாம் நாள் என் மகனுக்கு எண்ணிக்கை ஏறியது. அன்று ராத்திரியே அவள் மகள் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து நான் சாட்சி சொன்னேன். “சந்தேகப்படாமல் விசுவாசித்தோம், அதனால் கர்த்தர் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்.” மூன்றாவது பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஆசீர்வாதம் கூறும் முன்பே எழுந்து போய்விட்டாள். மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. “அப்ப நான் சந்தேகப்பட்டா ஜெபிச்சேன்? ஒரே பாயிலதானக்கா இருந்தோம்” என்றாள்.

என்ன பதில் சொல்ல முடியும்? ஆறு வருடம் அவள் சபைப் பக்கமே வரவில்லை. இப்போது வருகிறாள், என்னோடு பேசவும் செய்கிறாள். ஆனால் மைக் கை மாறத் தொடங்கியதும் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே குழாயடிக்குப் போய்விடுவாள். சாட்சி முடிந்துதான் திரும்புவாள்.

இன்றைக்கும் யாராவது ‘அதனால’ என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு சொல்லில் கர்த்தர் ரேஷன் கடைக்காரர் ஆகிவிடுகிறார். கார்டைக் காட்டினால் சர்க்கரை, காட்டாதவனுக்கு இல்லை. சொல்கிறவருக்கு அது தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

அப்போஸ்தலர் 12-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே ஏரோது ராஜா இயேசுவின் சீஷனான யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிடுகிறான். அதே அதிகாரத்தில் இன்னொரு சீஷரான பேதுரு சிறையிலிருந்து தப்பி வருகிறார். யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? பேதுருவுக்காக ஜெபித்தவர்கள்தான் சந்தேகமே இல்லாமல் ஜெபித்தார்களா? அவர் வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்கிற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளிடம் சொன்னது, “நீ பிதற்றுகிறாய்”. கேட்டது வாசலில் நிற்கும்போதும் நம்பவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பேதுரு கிடைத்தார்.

வாக்குத்தத்த அட்டையில் எல்லோருக்கும் பிடித்த வசனம், “உமது உண்மை பெரிதாயிருக்கிறது.” நம் வேதாகமத்தில் இந்த இடத்தில் உண்மை என்றால் சொன்ன சொல் மாறாத தன்மை. இது வருவது புலம்பல் புத்தகத்தில். கி.மு. 586-ல் எருசலேம் எரிந்து, ஜனங்கள் சிறைப்பட்டுப் போன பிறகு பாடியது. ஏழெட்டு வசனம் முன்னால்தான், பருக்கைக் கற்களால் தன் பற்களை நொறுக்கினார் என்று அதே ஆள் சொல்கிறான். ஊர் தப்பவில்லை, ஆனாலும் அவர் உண்மையுள்ளவர் என்கிறான். பூப்படம் போட்ட அட்டையில் இதெல்லாம் தெரியாது.

ஆராதனை முடிந்ததும் அந்தத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. “அப்ப உபவாசம் வீணா அத்தை?” என்றான். வீண் இல்லை, ஆனால் அதற்குக் கூலியாக இந்த வேலை வரவில்லை என்றேன். “பின்ன எப்படித்தான் சொல்றது?” பயந்தேன், கேட்டேன், கிடைத்தது, எனக்கு ஏன் கிடைத்தது என்று தெரியவில்லை, ஸ்தோத்திரம் என்று சொல்லு என்றேன். மடித்த தாளைப் பையில் வைத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டானா என்று தெரியவில்லை.

மாத்திரை

சுகம் கிடைத்தது என்று சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லட்டும்.

அடுத்தவர் கதை

வீட்டுக்காரர் குடியை விட்டார் என்று சொல்வதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரும் அதே சபையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நேரம்

மூன்று நிமிடம். பின்னால் கேக் வெட்டி வைத்திருக்கிறார்கள், டீ ஆறுகிறது.