தண்டலுக்கு உண்மையில் எவ்வளவு வட்டி கட்டுகிறோம்?

மதுரையில் மாவுக்கடை வைத்திருக்கிறேன். கடை போட்ட முதல் 2 வருஷம் தண்டல் அட்டை இல்லாமல் நான் இருந்ததே இல்லை. 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று நானும் நினைத்தேன்.

ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கைக்கு வந்தது 8,500. மறுநாளே திருப்பிக் கட்ட ஆரம்பிக்கிறோம், 50ஆம் நாள் பாதி போய்விடுகிறது. ஆக, 100 நாளும் சராசரியாக நம்மிடம் இருந்தது சுமார் 4,250தான். அதற்கு வட்டி 1,500. கிட்டத்தட்ட பத்து வட்டி, அதாவது மாதம் 100க்கு 10 ரூபாய்! வருஷத்துக்கு 100க்கு 120 ரூபாய். மாவில் அவ்வளவு லாபம் எங்கே இருக்கிறது?

இதிலிருந்து வெளியே வர நான் செய்தது இதுதான். பழைய அட்டையை முடிக்கப் புது அட்டை போடுவதை நிறுத்தினேன். கடைசித் தவணை கட்டிய மறுநாளும் அதே 100 ரூபாயை எடுத்து வைத்தேன், இந்தத் தடவை எனக்கே. ராத்திரி ஷட்டர் இறக்கும் முன் உளுந்து டின்னுக்குப் பின்னால் இருந்த டப்பாவில் போட்டுத் தேதி குறித்தேன். 85ஆம் நாள் 8,500 சேர்ந்துவிட்டது. அன்று இட்லி அரிசி 26 கிலோ மூட்டைகளை ரொக்கத்துக்கு எடுத்தேன். கடன் விலைக்கும் ரொக்க விலைக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து அழுகையே வந்தது.

அந்த டப்பா நிலைக்க வேண்டுமென்றால் கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுக்கக் கூடாது. பால், காய், பிள்ளை ஃபீஸ் எல்லாம் கல்லாவிலிருந்தே போனால் கடை ஓடுகிறதா இல்லையா என்று தெரியவே தெரியாது. நமக்கென்று ஒரு சம்பளம் வைத்து, வாரம் ஒருமுறை மட்டும் எடுங்கள். நான் முதலில் 2,000 எடுத்தேன். பற்றாமல்தான் இருந்தது.

அப்புறம், க்யூஆர் பணம் கடைக்கென்று தனிக் கணக்கில் விழட்டும். வங்கியில் கடன் கேட்கும்போது அந்த ஸ்டேட்மென்ட்தான் பேசும். சிறு தொழில்களுக்காக மத்திய அரசு 2015இல் கொண்டுவந்த முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரை உள்ள கடனுக்கு சிசு என்று பெயர், அடமானம் கேட்க மாட்டார்கள். உத்யம் பதிவும் (சிறு தொழில் என்று அரசிடம் பதிவது) செய்துகொள்ளுங்கள், அரசு தளத்தில் கட்டணமே கிடையாது.

இப்போது கையில் அட்டை இருந்தால், இன்று ராத்திரியே அதில் மீதி எத்தனை நாள் என்று எண்ணி நோட்டில் எழுதி வையுங்கள்.