மென்பொருளைப் பிடித்துக்கொண்டு தொழிலை விட்டுவிடாதீர்கள்

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் டிடிபி (கணினியில் அச்சுக்கோர்ப்பு) கடையில் தொழில் பழகி, இன்று அந்தேரி, லோயர் பரேல் ஆபீஸ்களில் ஆப் டிசைன் பண்ணும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் "என்ன வேலை தெரியும் தம்பி?" என்று கேட்டால், "ஃபிக்மா தெரியும்ணா" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. ஃபிக்மா என்பது ஆப் திரைகளை வடிவமைக்கும் மென்பொருள். கருவியின் பெயரையே தொழிலின் பெயராக நினைப்பதுதான் முதல் தவறு.

அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் 1985-ல் வந்தது. 2001-ல் கடைசிப் பதிப்பு. ஒரு காலத்தில் பளபளப்பான வெப்சைட் என்றாலே அசையும் படங்கள் செய்யும் ஃப்ளாஷ் மென்பொருள்தான். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் அதற்கு ஆதரவை நிறுத்தியது. ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022-ல் அறிவித்த அதே அடோபி, 2023 டிசம்பரில் பின்வாங்கியது. அதற்குள், ஃபிக்மாவைப் போன்ற தன்னுடைய எக்ஸ்டி மென்பொருளை மேற்கொண்டு வளர்ப்பதையும் கைவிட்டிருந்தது. எக்ஸ்டியை மட்டும் நம்பிப் படித்தவர் நிலைமையை யோசியுங்கள். ஃப்ளாஷின் பட்டன்களை மனப்பாடம் செய்தவருக்கு அதோடு வழி அடைபட்டது. ஓர் அசைவு எங்கே வேகமெடுக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று புரிந்துகொண்டவருக்கு, வீடியோவில் அசைவுகள் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இருந்தது.

இரண்டாவது தவறு, பழைய ஃபைல்களைக் கவனிக்காமல் விடுவது. என்னைக் கேட்டால் அதிக நஷ்டம் தருவது இதுதான். "அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச அதே பத்திரிகை மாடல் தம்பிக்கும் வேணும்" என்று மாட்டுங்காவிலிருந்து ஒரு குடும்பம் வந்து நிற்கும். ஃபைல் பேஜ்மேக்கரில் இருக்கும். அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், சிஎஸ்6 பதிப்பு வரை அதைத் திறக்கலாம். பின்னால் வந்த பதிப்புகளில் முடியாது. எப்படியோ திறந்தாலும், எழுத்து பாமினி; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துரு என்றால் இன்னும் சிக்கல். 2023-ல் அடோபி அதற்கான ஆதரவையும் நிறுத்திவிட்டது. பிரஸ்ஸுக்குக் 'கர்வ்' பண்ணி (எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி) அனுப்பிய ஃபைல் மட்டும் மிஞ்சியிருந்தால், பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் மாப்பிள்ளை பெயரை மாற்ற முடியாது. வேலை முடிந்த அன்றே கர்வ் பண்ணாத மூல ஃபைல், ஒரு பிடிஎஃப், எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடில் வெறும் வாசகம் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். புது மென்பொருளுக்கு மாறும்போது, பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கையிலேயே முக்கியமான ஃபைல்களையும் மாற்றிவிடுங்கள்.

தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் படிக்கத் தெரிந்த மும்பைப் பிள்ளை, போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பில்) ஆங்கிலத் திரைகளை மட்டுமே அடுக்குவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது. 'சப்மிட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் தேவநாகரியின் தலைக்கோடு துண்டு துண்டாகும். தமிழில் கொம்பும் காலும் விலகி நிற்கும். இதைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கும் கண்ணை எந்த மென்பொருளும் தராது. விண்டோஸில் வரும் 'லதா' தமிழ் எழுத்துரு, பவாய் ஐஐடியில் பாடம் நடத்திய ஆர்.கே. ஜோஷியின் வழிகாட்டலில் உருவானது. 'பலூ தம்பி'யும் 'முக்தா மலரும்' மும்பையின் எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு செய்தவை. இந்த அறிவு நம் ஊரிலேயே இருக்கும்போது, அதைத் தேடிப் போய்க் கற்காமல் இருக்கலாமா?

ஏஐ விஷயத்தில் தொடவே மாட்டேன் என்பவரும் தவறு செய்கிறார், மொத்தமாக ஒப்படைப்பவரும் தவறு செய்கிறார். பின்னணிப் படத்துக்கும், சட்டென்று நாலைந்து மாதிரி போட்டுப் பார்ப்பதற்கும் அது நன்றாக உதவும். படத்துக்குள் தமிழ் வாசகத்தையும் அதையே எழுதவிட்டால் கொம்பு இடம் மாறுவதும், புள்ளி காணாமல் போவதும் நடக்கும். வாசகத்தை நீங்களே தனி லேயரில் அடியுங்கள். ஃப்ளெக்ஸ் பிரிண்டுக்குப் போவதற்கு முன் தமிழ் தெரிந்த இன்னொருவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்.