‘எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்’ என்பவர்கள் செய்யும் தவறுகள்

கணினியே தெரியாதவர் கணினியைக் கெடுப்பது அபூர்வம். ஏதாவது வினோதமாகத் திரையில் வந்தால் கையை எடுத்துவிட்டு யாரையாவது கூப்பிடுவார். பழுது பார்க்க எங்களிடம் வருவதில் மீட்கவே முடியாத நிலையில் இருப்பவை, “நானே பாத்துக்கறேன்” என்று ஒருவர் முதலில் உட்கார்ந்த கணினிகள்தான். வீட்டுக்கொருவர், அலுவலகத்துக்கொருவர் என்று அந்தப் பெயரெடுத்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் உட்காருகிறார்கள்.

இப்போது என்னோடு வேலை பழக வந்திருக்கும் பிள்ளைகளும், நாங்கள் தொடக்கத்தில் போன அதே வழியில் போகிறார்கள். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டுவது, வந்த லிங்க்கை எல்லாம் அமுக்குவது மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். சரி என்று நம்பிச் செய்கிற தவறுகள்தான் இங்கே.

ஷார்ட்கட்டைக் காப்பி எடுப்பது

ஒரு கல்லூரி மாணவர் பென்டிரைவோடு வந்தார். நண்பன் கணினியிலிருந்து டிசைன் சாப்ட்வேர் முழுவதையும் எடுத்து வந்துவிட்டாராம்; தன் கணினியில் திறக்கவில்லை, ஆகவே தன் கணினியில்தான் கோளாறு என்றார்.

“எவ்வளவு நேரம் ஆச்சு காப்பி ஆக?”

“டக்குனு ஆயிடுச்சுண்ணா. இது யூஎஸ்பி 3 பென்டிரைவ்.”

திறந்து பார்த்தால் ஒரே ஒரு ஐகான். மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி. அளவு 2 கேபி. அந்தக் கோப்புக்குள் இருப்பது, நண்பனுடைய கணினியில் அந்த சாப்ட்வேர் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான். அம்புக்குறியைக் காட்டிச் சொன்னதும் பையனுக்குப் புரிந்துவிட்டது. இதையே பேக்கப் என்று நினைத்து, டெஸ்க்டாப்பில் இருந்த ஃபோல்டர் ஷார்ட்கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணினியை ஃபார்மேட் செய்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் புரிய வைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆகவே காப்பி எடுத்ததும் ஃபோல்டரின் மொத்த அளவைப் பாருங்கள். பல ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் கேபி இருந்தால் நீங்கள் எதையும் எடுக்கவில்லை.

பெயரை மாற்றினால் கோப்பு மாறிவிடும் என்று நம்புவது

வேர்டு கோப்பின் பெயரில் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்பதை அழித்துவிட்டு பிடிஎஃப் என்று போட்டு அனுப்புவார்கள். திறக்கவில்லை என்று எதிர்முனை சொன்னால், “உங்க பிடிஎஃப் ரீடர் பழசு, அப்டேட் பண்ணுங்க” என்று பதில் போகும். அப்படி ஒருவர் சொன்னதை நம்பி, எதிரே இருந்தவர் ரீடரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜேபிஜி படத்தின் பெயரை பிஎன்ஜி என்று மாற்றினால் பெரும்பாலும் அது திறந்துகொள்ளும். படம் காட்டும் செயலிகளில் பல, பெயரின் வாலைப் பார்க்காமல் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்ப்பதால் வரும் விளைவு அது. கோப்பு மாறவே இல்லை. பிடிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் பிடிஎஃப் என்ற எழுத்துகளே இருக்கும். டாக்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. அதன் தொடக்கத்தில் பி, கே என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள் அவை. பெயரை என்ன மாற்றினாலும் இவை அப்படியே கிடக்கும். பிடிஎஃப் வேண்டுமென்றால் வேர்டிலேயே ‘சேவ் ஆஸ்’ போய் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ரிஃப்ரெஷ்

டெஸ்க்டாப்பில் எத்தனை முறை அமுக்கினாலும் கணினி வேகமாகாது.

“தேடிப் பார்த்தேன், இருந்தது”

2002இல் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. கரடிபொம்மை ஐகானோடு ஒரு கோப்பு உங்கள் கணினியில் இருக்கும், அது வைரஸ், ஆன்டிவைரஸாலும் கண்டுபிடிக்க முடியாது, உடனே அழித்துவிட்டு உங்கள் முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றது. தேடினார்கள், சொன்னபடியே கரடிபொம்மை இருந்தது. அழித்தார்கள், எல்லோருக்கும் அனுப்பினார்கள். அந்தக் கோப்பு விண்டோஸோடு வருகிற ஜாவா டிபக்கரைச் சேர்ந்தது. யார் தேடினாலும் இருந்திருக்கும். அதற்கு முந்தைய ஆண்டும் இதேபோல், நீளமான கோப்புப் பெயர்களை மீட்டுத் தரும் விண்டோஸ் 98இன் கருவி ஒன்றை வைரஸ் என்று சொல்லி அழிக்க வைத்தார்கள்.

இதில் சிக்கியவர்கள் சோம்பேறிகள் இல்லை. சரிபார்த்துத்தான் செய்தார்கள். ஆனால் ‘கோப்பு இருக்கிறதா’ என்று பார்த்தார்களே தவிர, ‘இது என்ன கோப்பு’ என்று பார்க்கவில்லை. இன்றும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெயர் புரியாத எதையும் வைரஸ் என்று முடிவு கட்டி நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். எஸ்விசிஹோஸ்ட் இருபது முப்பது வரிகளில் தெரிந்தால் அது இயல்பு. விண்டோஸின் சேவைகள் அதற்குள்தான் ஓடுகின்றன.

அழிந்த கோப்பை அதே டிஸ்க்கில் இருந்துகொண்டே தேடுவது

இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். எத்தனை பேரிடம் சொன்னாலும் தீராத எரிச்சல் எனக்கு இதில்தான்.

ஒருவர் தன் மனைவியின் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அந்த அம்மா முனைவர் பட்டத்துக்காக முதியவர்களிடம் எடுத்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன. கணினி மெதுவாக இருக்கிறதென்று கணவர் சுத்தம் செய்ய உட்கார்ந்திருக்கிறார். பெரிதாக இருந்த ஒரு ஃபோல்டரைத் தேவையில்லாதது என்று நினைத்து, ஷிஃப்ட்டைச் சேர்த்து டெலீட் கொடுத்துவிட்டார். ரீசைக்கிள் பின்னுக்கும் போகவில்லை.

அந்த நிமிடம் வரை பெரிய சேதம் ஒன்றுமில்லை. சேதம் அதற்குப் பிறகு நடந்தது.

“ஒண்ணும் பயப்பட வேணாம்னு சொல்லிட்டு ஒரு ரெக்கவரி சாப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணேன் சார். அது பாதிதான் காட்டுச்சு. அப்புறம் வேற ரெண்டு போட்டேன். ஃபைல் எல்லாம் வந்துடுச்சு. டெஸ்க்டாப்லயே சேவ் பண்ணேன். ஆனா ப்ளே ஆகல. கோடெக் இல்லைன்னு நினைச்சு அதையும் டவுன்லோட் பண்ணிப் போட்டேன். அப்பவும் வரலைன்னதும் விண்டோஸ ரீசெட் பண்ணிட்டேன்.”

வரிசையாக, தயக்கமே இல்லாமல் சொன்னார். (கோடெக் என்பது ஒலி, ஒளிக் கோப்புகளை ஓட்ட உதவும் சிறு மென்பொருள்.) ஒவ்வொன்றும் சரியான அடுத்த படி என்றுதான் அவர் நம்பியிருந்தார். பக்கத்தில் நின்ற அந்த அம்மா, “வீட்ல கம்ப்யூட்டர் எல்லாம் அவர்தான் பாப்பார்” என்று மட்டும் சொன்னார்.

என்ன நடந்தது என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் விண்டோஸ் அதன் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. கோப்புகளின் பட்டியலில் அந்தப் பதிவு இனி பயன்பாட்டில் இல்லை என்று குறித்துவிட்டு, அது இருந்த இடம் காலி என்று எழுதிக்கொள்கிறது. ஒலி அங்கேயேதான் இருக்கும். அடுத்து எழுத வருகிற எதையும் அந்த ‘காலி’ இடத்தில் எழுதலாம் என்பதுதான் ஆபத்து. ரெக்கவரி சாப்ட்வேரை டவுன்லோட் செய்வதே டிஸ்க்கில் எழுதுவதுதான். இன்ஸ்டால் செய்வது இன்னொரு முறை எழுதுவது. மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிப்பது எல்லாவற்றையும்விட மோசம்: முதலில் மீண்ட கோப்பு, இன்னும் மீளாமல் கிடக்கிற கோப்பின் மேலேயே போய் உட்காரும். சும்மா பிரவுசரைத் திறந்து ‘அழிந்த கோப்பை மீட்பது எப்படி’ என்று தேடினாலும் அது தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷ் கோப்புகள் டிஸ்க்கில் எழுதப்படுகின்றன. ரீசெட் என்பது புதிதாக ஒரு விண்டோஸையே அங்கே கொட்டுவது.

ரீசெட்டுக்கு முன்னால் அவர் பென்டிரைவில் போட்டு வைத்திருந்த கோப்புகளைத் திறந்து பார்த்தோம். பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி. ஒன்றை ஓட விட்டேன். ஒரு பாட்டி தன் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான்கைந்து வாக்கியம் தெளிவாக வந்தது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். அந்த இடத்திலிருந்து கோப்புக்குள் இருந்தது அவருடைய குரல் இல்லை, ஏதோ ஒரு இன்ஸ்டாலரின் துண்டு. இதை எந்தக் கோடெக்காலும் சரிசெய்ய முடியாது. கடைசியில் முழுசாகக் கிடைத்தவை மிகச் சில. அழித்த உடனே கணினியை நிறுத்திக் கொண்டுவந்திருந்தால் அநேகமாக எல்லாமே கிடைத்திருக்கும். அந்த முதியவர்களில் சிலரிடம் மறுபடி போய்ப் பேசவும் வழியில்லை என்றார் அந்த அம்மா.

ஆகவே கோப்பு போய்விட்டது என்று தெரிந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அணைத்துவிடுங்கள். மடிக்கணினி என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, முழு டிஸ்க்குக்கும் இன்னொரு டிஸ்க்கில் ஒரு இமேஜ், அதாவது அச்சு அசலான முழு நகல், எடுங்கள். தேடுவதெல்லாம் அந்த இமேஜில். பழுதான டிஸ்க் என்றால் ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற கருவி நல்லது. அது நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில் வரும்.

வேலை பழகுகிறவர்களுக்கு இன்னும் மூன்று எச்சரிக்கை. டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டினால் ‘செக் டிஸ்க்’ ஓட்டாதீர்கள். அது கோப்பு அமைப்பின் கணக்கைச் சரிசெய்யும் கருவி. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அது மேலும் ஓட வைத்து, அதில் எழுதவும் செய்யும். இரண்டாவது, மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். படிக்கும் முனை தகட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஒரு தூசி போதும். மூன்றாவது, சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கெல்லாம் வேறு. விண்டோஸ் 7இலிருந்து, கோப்பை அழித்ததும் ‘டிரிம்’ என்ற கட்டளை போகிறது. எஸ்எஸ்டி அந்த இடத்தை உள்ளுக்குள் துடைத்துவிடுகிறது. பிறகு பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. ‘போனமுறை மீட்டுக் கொடுத்தேன்’ என்ற தைரியத்தில் எஸ்எஸ்டிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஃபார்மேட்டைப் பற்றியும் இதே குழப்பம் உண்டு. குயிக் ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்க வாய்ப்புண்டு. விஸ்டா முதல், முழு ஃபார்மேட் என்றால் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படுகிறது. நல்லா சுத்தமாகட்டும் என்று ‘குயிக் ஃபார்மேட்’ டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்

வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு ரெஜிஸ்ட்ரி; அதைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை.

எம்எஸ்கான்ஃபிக்கில் எண்ணைக் கூட்டுவது

விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் இந்தக் கருவியின் பூட் பகுதியில் பிராசசர் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்து, மேக்சிமம் மெமரியையும் டிக் செய்தால் வேகம் பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த இரண்டும் கட்டுப்படுத்துவதற்கான அமைப்புகள், கூட்டுவதற்கு அல்ல. தொடாமல் விட்டாலே விண்டோஸ் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும். ‘ரேம் பாதிதான் காட்டுது, புது ரேம் போடுங்க’ என்று வந்த ஒருவருக்கு நாங்கள் செய்த வேலை அந்த டிக்கை எடுத்தது மட்டும்தான்.

1 டிபி டிஸ்க்கில் காணாமல் போன இடத்தைத் தேடுவது

931 ஜிபி காட்டுகிறதா? சரியாகத்தான் இருக்கிறது. தயாரிப்பவர் 1,00,000 கோடி பைட்டை 1 டிபி என்கிறார். விண்டோஸ் அதை 1,07,37,41,824ஆல் வகுத்துக் காட்டுகிறது. மிச்சத்தை வைரஸ் தின்னவில்லை.

பூட்டியிருப்பது தெரியாமல் பயாஸில் கை வைப்பது

2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். பயன்படுத்துகிறவருக்கு அது தெரிந்திருக்காது. ஒருவர் ‘இதெல்லாம் எனக்கு அத்துப்படி’ என்று விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் அமைப்புக்குள் போய் ‘செக்யூர் பூட்’டை மாற்றுவார், பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பை அழிப்பார். அடுத்த முறை நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான்; எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. எண் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்ட பிறகு பயாஸுக்குப் போங்கள்.

வந்தவர் சொல்லும் நோயை அப்படியே எழுதிக்கொள்வது

இது பழுது பார்க்கிறவர்களுக்கு. “மதர்போர்டு போயிடுச்சு, எனக்குத் தெரியும், மாத்திடுங்க” என்பார். மானிட்டர் கேபிள் கழன்றிருக்கும். ‘என்ன பிரச்சினை’ என்று கேட்டால் அவருடைய தீர்ப்புதான் வரும். ‘திரையில் என்ன வந்தது, அதை வாசித்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவர் தவறு செய்திருந்தால் சிரிக்காதீர்கள், மற்றவர்கள் முன்னால் திருத்தாதீர்கள். கூச்சப்பட்டுப் போனால் தான் செய்ததில் பாதியை மறைத்துவிடுவார், அந்தப் பாதியில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கும். அந்த மடிக்கணினியைக் கொண்டுவந்தவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னதால்தான் கிடைத்த சிலவும் கிடைத்தன.

வீடியோ பார்த்துச் செய்வது

எந்த ஆண்டு போட்டது, எந்த விண்டோஸுக்கு என்று முதலில் பாருங்கள்.