மழைக்காலத் திரியுண்ட்: மேட்டில் ஓர் இரவு தங்கி இறங்குவது எப்படி

இமாசலத்தின் தர்மசாலாவுக்கு மேலே, சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது திரியுண்ட் என்ற புல்மேடு. வடக்கே தௌலாதார் மலைத்தொடர் சுவர்போல நிற்கும். தெற்கே காங்ரா பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். மழை நாளில் நண்பகலுக்கு ஏறிப் போய் நின்றால் இரண்டுமே தெரியாது, சுற்றிலும் வெள்ளைப் புகைதான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலே வந்து, குளிர்ந்து மேகமாகிவிடும். இரவில் காற்று திரும்பிக் கீழே வடியும். அதனால் மழை மாதங்களில் மலை முகம் காட்டுவது பெரும்பாலும் விடியலை ஒட்டிய இரண்டு மணி நேரம்தான். மேலே இரவு தங்குவதே அதற்காக. அந்த நேரத்தில் நீங்கள் உலர்ந்த உடம்போடு, தூங்கி எழுந்து நிற்க வேண்டும். கீழே சொல்லும் ஏற்பாடெல்லாம் அதற்குத்தான்.

1. எந்த வாரம் போவது

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை முதல்முறை போகிறவர்கள் போகவே வேண்டாம். இமாசலத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் தர்மசாலாவும் ஒன்று. 2021 ஜூலை 12 அன்று தர்மசாலாவை ஒட்டிய பாக்சு நாக் ஓடையில் வந்த திடீர் வெள்ளம் நிறுத்தி வைத்திருந்த கார்களை உருட்டிக்கொண்டு போனது. பருவமழை தொடங்கும் முன்பான ஜூன், அது விடைபெறும் செப்டம்பர் பின்பாதி, இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மழை இருக்கும், ஆனால் இடைவெளி விட்டுப் பெய்யும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வானிலைத் துறையின் எச்சரிக்கையைக் காங்ரா மாவட்டத்துக்குப் பாருங்கள். மஞ்சள் என்றால் யோசிக்கலாம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பயணம் ரத்து. கனமழை நாட்களில் மாவட்ட நிர்வாகமே மலையேற்றத்துக்குத் தடை போடுவதுண்டு. மேட்டில் கூடாரம் போடுவதற்கான விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன. போகிற வாரத்தில் தர்மசாலா வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். மின்னல் எச்சரிக்கைக்கு ‘தாமினி’ செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

2. பையைக் கட்டுவது

கடையில் முதலில் விற்பது பையின் மேல் மாட்டும் மழை உறை. அதை நம்பி ஏமாறாதவர் குறைவு. உறை பையின் முதுகுப் பக்கத்தை மூடாது. உங்கள் முதுகில் வழியும் தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்கி, உறையின் அடியில் குளம்போலத் தேங்கி, பையின் அடியில் இருக்கும் ஸ்லீப்பிங் பேக்கை நனைக்கும். பாதுகாப்பு உள்ளே இருக்க வேண்டும். பெரிய, தடித்த பாலித்தீன் பை ஒன்றை முதுகுப்பைக்குள் விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். உரமூட்டைக்குள் வரும் உள்பை கிடைத்தால் அருமை, குப்பைப் பை என்றால் இரண்டாகப் போடுங்கள். கிளம்பும் முன் குளியலறையில் பையை வைத்து ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

உடை இரண்டே தொகுதி. ஒன்று நடக்க: பாலியஸ்டர் பனியன், எளிதில் உலரும் கால்சட்டை, கம்பளிக் காலுறை. இன்னொன்று தூங்க: முழுக்கை பனியன், ஃப்ளீஸ் (கம்பளிபோலச் சூடு தரும் செயற்கைத் துணி) மேற்சட்டை, கால்சட்டை, காலுறை, குல்லாய். தூங்கும் உடையைத் தனிப் பாலித்தீன் பையில் முடிந்து, கூடாரத்துக்குள் போகும்வரை பிரிக்கக் கூடாது. பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்த பருத்தி மணிக்கணக்கில் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மற்றவை: காற்று புகும் மழை மேலங்கி அல்லது தலைவழியே போடும் பாஞ்சோ, 0 முதல் 5 டிகிரிக்கான ஸ்லீப்பிங் பேக், தரைமெத்தை, நெற்றி விளக்கும் மாற்று பேட்டரியும், ஒரு கைத்தடி, விசில், கட்டுத்துணி. தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். மேட்டில் நம்பத்தகுந்த ஊற்று கிடையாது. அங்கே கடைகள் திறந்திருந்தால் தேநீரும் மேகியும் கிடைக்கும். எல்லாம் கோவேறு கழுதை முதுகில் வருவதால் விலை கூடுதல். மழை நாளில் அவை மூடியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டே இரண்டு வேளைக்குச் சமைக்காமல் தின்னக்கூடிய உணவு எடுத்துப் போங்கள்: சப்பாத்தி, வேர்க்கடலை, பேரீச்சை, கடலைமிட்டாய்.

3. ஏறுவது

தர்மசாலாவுக்கு மேலே இருக்கும் மெக்லியோட்கஞ்சிலிருந்து தரம்கோட் கிராமம் வழியாகக் கல்லு தேவி கோயிலுக்கு வந்துவிடுங்கள். அங்கே பெயரைப் பதிவு செய்துவிட்டுப் புறப்பட வேண்டும். (பெயரில் மட்டுமல்ல, பாதை முழுக்கவும் கல்லுதான்.) இங்கிருந்து திரியுண்ட் ஐந்தாறு கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 700 மீட்டர். மழையில் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். பாக்சு அருவிப் பக்கம் ஏறும் இன்னொரு வழி மழைக்கு ஆகாது. அது ஓடையை ஒட்டிச் செங்குத்தாகப் போகிறது.

காலை ஏழு மணிக்குக் கோயிலைத் தாண்டிவிட்டால், இடி கூடும் பிற்பகலுக்குள் கூடாரம் நின்றிருக்கும்.

பலரும் நனைவது மழையால் அல்ல, வியர்வையால். அங்கியை இறுக்கிப் போட்டுக்கொண்டு வேகமாக ஏறினால் உள்ளே ஆவி பிடித்து, அரை மணியில் பனியன் பிழியும் அளவுக்கு வந்துவிடும். தூறலுக்கு அங்கியைத் திறந்து விடுங்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். நிற்கும்போது மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

பாதிவழியில் மேஜிக் வியூ என்ற பழைய தேநீர்க்கடை வரும். திரும்புவதா போவதா என்பதை இங்கே முடிவு செய்யுங்கள். மழை விடாமல் கொட்டுகிறது, இடி கேட்கிறது, குழுவில் ஒருவர் நின்ற பிறகும் நடுங்குகிறார் — இதில் ஒன்று இருந்தாலும் இறங்கிவிடுங்கள். கடைசியில் வருவது 22 வளைவுகள் கொண்ட செங்குத்தான படிப்பாதை. அதில் ஏறிய பிறகு திரும்ப யாருக்கும் மனம் வராது.

4. கூடாரம்

மேடு திறந்தவெளி, மின்னலுக்கு வசதியான இடம். முகட்டின் உச்சிக் கோட்டிலும் தனித்து நிற்கும் மரத்தடியிலும் போடாமல், சற்றே கீழிறங்கிய சரிவில் போடுங்கள். தட்டையாக, மெத்தென்று இருக்கும் பள்ளம் ஆசை காட்டும். அது இரவில் குட்டையாகிவிடும். லேசாக மேடான இடம்தான் நல்லது, முதுகில் கொஞ்சம் குத்தினாலும் பரவாயில்லை. சுற்றிலும் வாய்க்கால் வெட்டாதீர்கள், புல்மேடு அரித்துப் போகும்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிட ஒரு விரற்கடைகூட வெளியே நீளக் கூடாது. நீண்டால் மேலிருந்து வழியும் தண்ணீரைப் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். வாசல் காற்று வந்து மோதாத பக்கம் இருக்கட்டும். முளைகளைத் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடித்து, ஈரமண் பிடி கொடுக்காது என்பதால் மேலே கல் வையுங்கள். வெளித்துணி உள்துணியைத் தொடாதபடி இழுத்துக் கட்டுங்கள். தொட்ட இடத்தில் நீர் கசியும். குளிருகிறதே என்று காற்றுத் துளையை மூடினால், விடியும்போது உங்கள் மூச்சே உள்ளே மழையாகச் சொட்டும். அடுப்பை ஒருபோதும் உள்ளே பற்ற வைக்காதீர்கள். தீ ஒருபுறம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இன்னொருபுறம்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே வினாடிகளை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். கூடாரம் மின்னலைத் தடுக்காது. மேட்டில் கல்கட்டடமான வன ஓய்வு இல்லம் உண்டு. அது திறந்திருந்தால் அங்கே போய்ச் சுவரில் சாயாமல் உட்காருங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வர வேண்டாம்.

நடந்த உடையை வாசலில் கழற்றி, உடம்பைத் துடைத்து, தூங்கும் உடைக்கு மாறுங்கள். ஈரத்துணியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து உலர்த்தப் பார்த்தால் பேக்தான் நனையும். யாராவது பேச்சுக் குழறி, தடுமாறி, நடுங்குவதையும் நிறுத்திவிட்டால் அது களைப்பு அல்ல, உடல் வெப்பம் ஆபத்தாக இறங்குகிறது. உலர்ந்த உடை, ஸ்லீப்பிங் பேக், நினைவு தெளிவாக இருந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம், இவற்றைக் கொடுத்துவிட்டு 112-ஐ அழையுங்கள். கைகால்களைத் தேய்க்கக் கூடாது, மதுவும் ஆகாது.

5. விடியலும் இறக்கமும்

ஜூனில் நாலே முக்காலுக்கும் செப்டம்பரில் ஐந்தரைக்கும் எழுந்துவிடுங்கள். வானம் திறந்தால் இந்திரஹார் கணவாயின் 4,342 மீட்டர்க் கோடு வடக்கே தெளிவாகத் தெரியும். எட்டு மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கிளம்பும். நீங்களும் கிளம்புங்கள்.

இனி வருவதுதான் பலருக்கும் கடினம்: நேற்றைய ஈர உடையையே மறுபடி அணிய வேண்டும். பத்து நிமிட நடையில் சூடாகிவிடும். உலர்ந்த உடை பையிலேயே இருக்கட்டும், வழியில் ஏதாவது ஆனால் அது ஒன்றுதான் காப்பு.

வழுக்கி விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஈரக்கல்லின் விளிம்பிலும் அழுகிய இலைமேலும் மிதிக்காமல், பாதம் முழுக்கப் பதியும்படி சின்ன அடியாக வையுங்கள். குறுக்குவழிகள் சேறாகியிருக்கும், வளைவுப் பாதையையே பிடியுங்கள். கழுதைகள் எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் வேண்டாம்.

தரம்கோட் வந்ததும் காலுறையைக் கழற்றி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிய்க்காமல், நகத்தை அதன் வாய்க்கு அடியில் நுழைத்துத் தள்ளுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். ஈரக் கூடாரத்தை அன்றே விடுதி மாடியில் விரித்துவிடுங்கள், மடித்தே வைத்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.