உப்பளப் பெண்களுக்கு வெயில் காப்பீடு: தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

காலநிலை நிதி, அதாவது காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கத் தரப்படும் பணம் என்றாலே சோலார் பூங்கா, தடுப்பணை என்றுதான் பேச்சு. வெயில் தாங்காமல் பாதி நாளில் பாத்தியை விட்டு ஏறும் பெண்ணுக்கு இழந்த கூலியைத் தருவதற்கும் அதே நிதி உதவும். முறைசாராத் தொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா 2023இல் குஜராத்தில் 21,000 பெண்களோடு இப்படியொரு வெயில் காப்பீட்டைத் தொடங்கியது. அந்த ஆண்டு வெப்பம் வரம்பைத் தொடவில்லை, பணமும் வரவில்லை. 2024இல் சேர்ந்த 50,000 பேரில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் இழப்பீடு கிடைத்தது. இதில் சேதத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டினால் பணம் வரும்.

அந்தத் திட்டத்தை அப்படியே தூத்துக்குடிக்கோ வேதாரண்யத்துக்கோ தூக்கி வராதீர்கள். உள்நாட்டு வறண்ட வெயிலுக்கு 40 டிகிரி சரியான வரம்பாக இருக்கலாம். கடலோரத்தில் 36 டிகிரியிலேயே புழுக்கம் ஆளைச் சாய்த்துவிடும். வானிலைத் துறைகூட வெப்ப அலைக்குச் சமவெளியில் 40, கடற்கரையில் 37 என்றுதான் அடிப்படை வைத்திருக்கிறது. வரம்பில் ஈரப்பதத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு பருவம் முழுக்கக் கணக்கு எடுங்கள். முப்பது நாற்பது பெண்கள் போதும். மார்ச் முதல் ஜூன் வரை தினமும் எத்தனை மணிக்கு இறங்கினார், எப்போது ஏறினார், கையில் வந்த கூலி, மருந்துச் செலவு ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்து வானிலை நிலையத்தின் அளவோடு ஒப்பிடுங்கள். கூலி எந்த வெப்பத்தில் குறைகிறதோ அதுதான் உங்கள் வரம்பு. வானிலைத் துறை நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் வெப்பநிலைத் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் அகலம். கரையும் உள்நாடும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். அதை நம்பி ஒப்பந்தம் போட்டால் உப்பளம் கொதிக்கும், பணம் வராது. திட்டத்தின் மேல் நம்பிக்கை போவது பெரும்பாலும் இங்கேதான்.

பிரீமியம் நியாயமா என்று நீங்களே பார்த்துவிடலாம். கடந்த 20 ஆண்டில் 5 ஆண்டு வரம்பு தாண்டியிருந்து, இழப்பீடு 1,000 ரூபாய் என்றால் சராசரி ஆண்டுக்கு 250. நிறுவனம் இதற்குமேல் செலவும் லாபமும் சேர்க்கும். 600 கேட்டால் பேரம் பேசுங்கள். அதற்காக நீங்களே சந்தா வாங்கி இழப்பீடு தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனம்தான் அதைச் செய்ய முடியும். சங்கத்தின் பெயரில் குழு பாலிசி எடுங்கள்.

நிதி தருபவரிடம் இரண்டு தலைப்பில் கேளுங்கள். ஒன்று, பிரீமியத்தில் ஒரு பங்கு. முழுவதையும் அவரே கட்டினால், அவர் விலகும் ஆண்டில் திட்டமும் படுத்துவிடும். முதல் ஆண்டே பெண்கள் 50 ரூபாயாவது போடட்டும். இரண்டு, வெப்பம் காப்பீட்டு வரம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும்போதே கைக்கு வரும் சிறு உதவித்தொகை. 1,000 பெண்களுக்கு 400 ரூபாய் வீதம் இருமுறை என்றால் 8 லட்சம்.

கடைசியில் வங்கிக் கணக்கு. பணம் பெண்ணின் சொந்தக் கணக்குக்கே போக வேண்டும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிப்போகும், ஜன்தன் கணக்குகள் பலவும் இப்படித்தான் கிடக்கின்றன. ஜனவரியிலேயே ஒவ்வொருவருக்கும் 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்ற தகராறு அப்போதே தெரிந்துவிடும். வங்கிக் குறுஞ்செய்தி மகனின் போனுக்குப் போகிறதா என்றும் கேளுங்கள். பிப்ரவரிக்குள் சேர்க்கையை முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திரம் நெருங்கும்போது புதிதாகச் சேர்க்க நிறுவனங்கள் தயங்கலாம்.

மார்ச் முதல் உப்பள வாசலில் ஒரு கரும்பலகை வைத்து அன்றன்றைய அளவையும் வரம்பையும் எழுதுங்கள். பணம் வராத ஆண்டில் ஏன் வரவில்லை என்று கேட்க வருபவர்களுக்குக் காட்ட அந்தப் பலகைதான் இருக்கும்.